ஒருவேளைச் சோறும் ஒரு முகப்புப் பக்கமும்

பிரபல எடிட்டர், டி.வி. முகம் என்று யாரிடமாவது பி.ஏ.வாக இருப்பவரைக் கேட்டுப் பாருங்கள். போன் எடுப்பது, டிக்கெட் போடுவதெல்லாம் சும்மா. நிஜ வேலை, 'சார், மேட்டர் எப்ப சார் தருவீங்க?' என்று கேட்டுக்கொண்டே இருப்பதுதான். அந்த வேலையை 1860-லேயே ஒருத்தர் பார்த்திருக்கிறார். மேட்டர் தர வேண்டியவர், வள்ளலார்!

வடலூர் என்றதும் நமக்கு ஜோதியும் அணையா அடுப்பும்தான் ஞாபகம் வரும். ஆனால், சென்னையில் இருந்தபோது ராமலிங்கர் அச்சுத் தொழிலை நன்றாக அறிந்தவர். 1851-ல் ஒழிவிலொடுக்கம், 1855-ல் தொண்டமண்டல சதகம், 1857-ல் சின்மய தீபிகை என்று பழைய நூல்களைப் பதிப்பித்தவர். அடுத்தவர் நூலுக்கு இவ்வளவு மெனக்கெட்டவர், தன் பாட்டை அச்சுக்குத் தர மட்டும் அசைந்து கொடுக்கவில்லை. 1858 வாக்கில் சென்னையை விட்டே கிளம்பி, வடலூர் பக்கத்துக் கருங்குழியில் தங்கிவிட்டார்.

சென்னையில் தவித்தவர் இறுக்கம் ரத்தின முதலியார். அப்போது அந்தப் பக்கம் ரயில் கிடையாது, தபால்தான். கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதினார். கடைசியில், பாட்டு வந்து சேரும்வரை தினம் ஒருவேளைதான் சாப்பாடு என்று உட்கார்ந்துவிட்டார். பசித்தவனைக் கண்டால் தாங்காத மனிதரிடம் இதைவிடக் கெட்டிக்கார மிரட்டல் உண்டா? அனுப்புகிறேன், முதலில் ஒழுங்காகச் சாப்பிடுங்கள் என்று பதில் வந்தது. கூடவே ஒரு கண்டிஷன்: 'இராமலிங்கசாமி' என்று பெயர் போடக் கூடாது, அது ஆரவாரம்.

பாடல்களைத் தொகுத்து ஆறு திருமுறைகளாக வகுத்தவர் சீடர் தொழுவூர் வேலாயுத முதலியார். 1867-ல் முதல் நான்கு வெளிவந்தன. முகப்பில் 'சாமி' இல்லை. சொன்ன சொல் காப்பாற்றப்பட்டது. ஆனால், அந்த இடத்தில் 'திருவருட்பிரகாச வள்ளலார்' என்று இருந்தது! ஒரு சொல்லை எடுக்கச் சொன்னால் மூன்று சொல்லைச் சேர்க்கிற உதவியாளரை என்ன செய்வது?

விலை கொடுத்தவர் குருநாதர்தான். தேவார, திருவாசகங்களுக்கு உரிய 'அருட்பா', 'திருமுறை' என்ற பெயர்களை இதற்கு எப்படி வைக்கலாம் என்று ஆறுமுக நாவலர் தரப்பு பாய்ந்தது. பகை முற்றி, 1869-ல் கடலூர் மஞ்சக்குப்பம் கோர்ட்டில் வழக்கு. வழக்கு தள்ளுபடியானது, சண்டை ஓயவில்லை.

அதன் பிறகு வேலாயுத முதலியார் நிதானமாகிவிட்டார். ஐந்தாம் திருமுறை வந்தது 1880-ல். வள்ளலார் மேட்டுக்குப்பத்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்தி ஆறு வருஷம் ஆகியிருந்தது. சாதி, மதம், சாத்திரம் எல்லாவற்றையும் உதறிய பாடல்கள் இருப்பது ஆறாம் திருமுறையில். அதை அவர் வெளியிடவே இல்லை. குருவின் சொல்லுக்குக் காத்திருந்தார் என்பார்கள் சிலர்; கோர்ட் படி ஏறிய பயம் என்பார்கள் சிலர். எனக்கு இரண்டாவதுதான் நியாயமாகப் படுகிறது. 1885-ல் மற்ற அன்பர்கள் அதை அச்சிட்டார்கள். நான்கு வருஷத்தில் முதலியார் காலமானார்.

1931-லிருந்து 1958 வரை ஆ. பாலகிருஷ்ண பிள்ளை பன்னிரண்டு புத்தகங்களாகத் திருவருட்பாவைப் பதிப்பித்தார். ரத்தின முதலியாருக்கு எழுதிய கடிதங்களும் அதில் அச்சேறின. பெயர் போடாதீர்கள் என்ற அந்தக் கடிதமும் சேர்த்து.