பிளாக் சபாத்தின் முதல் தட்டும் விமர்சகர்களின் காதும்

1970 செப்டம்பர் 17 தேதியிட்ட ‘ரோலிங் ஸ்டோன்’ இதழில் ஒரு சின்ன மதிப்புரை வந்தது. எழுதியவர் லெஸ்டர் பேங்ஸ். அப்போது அவருக்கு வயது 21. இங்கிலாந்திலிருந்து வந்திருந்த நாலு பையன்களின் முதல் இசைத்தட்டு அது. குழுவின் பெயர் பிளாக் சபாத், தட்டின் பெயரும் அதுவே. பேங்ஸ் சுற்றி வளைக்கவில்லை. சாத்தான் பூசை என்று விளம்பரம் செய்கிறார்கள், உள்ளே அப்படி ஒன்றுமில்லை, கட்டைபோன்ற வாசிப்பு, பேஸ் கிட்டார் காலை இழுத்து இழுத்து நடக்கிறது, முன்னணிக் கிட்டார் எரிக் கிளாப்டனை நகலெடுக்கிறது, இரண்டும் ஒன்றோடொன்று சேரவே இல்லை. ‘கிரீம்’ குழுவைப் போலத்தான் இருக்கிறது, ஆனால் அதைவிட மோசம். இவ்வளவுதான் அவர் தீர்ப்பு.

நியூயார்க்கின் ‘வில்லேஜ் வாய்ஸ்’ இதழில் ராபர்ட் கிறிஸ்ட்காவ் இன்னும் சுருக்கமாக முடித்துவிட்டார். எதிர்க்கலாச்சாரத்தின் மோசமான சங்கதிகளெல்லாம் ஒரே பிளாஸ்டிக் தட்டில் சேர்ந்திருக்கிறது என்ற பொருள்பட எழுதினார். போலி மாந்திரீகம், போதையில் மந்தமான கை, முடியாமல் நீளும் தனிவாசிப்பு என்று பட்டியல் வேறு.

இதைச் சொல்லிவிட்டு ‘பார்த்தீர்களா, மேட்டுக்குடி விமர்சகர்கள் உழைக்கும் சனத்தை எப்படி மிதித்தார்கள்’ என்று நான் ஆரம்பித்துவிட முடியும். நம் பக்கங்களில் அது சுலபமான வேலை. ஆனால் விஷயம் அப்படி நேர்கோடாக இல்லை. கிறிஸ்ட்காவ் ஒரு தீயணைப்பு வீரரின் பிள்ளை. பேங்ஸ் கலிபோர்னியாவின் எல் காஹோன் என்ற சின்ன ஊரில், யெகோவா சாட்சிகள் சபையைச் சேர்ந்த தாயிடம் வளர்ந்த பையன். இவர்கள் பிறப்பால் சீமான்கள் இல்லை. அப்படியிருந்தும் காது அடைத்துக்கொண்டது. பிறப்பு ஒன்று, பழக்கப்பட்ட அழகியல் இன்னொன்று. பயிற்சி பெற்ற காது, தான் எங்கே பயின்றதோ அந்த இடத்துக்கு விசுவாசமாக இருக்கும். இந்தச் சிக்கலில்தான் எனக்கு அக்கறை.

முதலில் அந்தத் தட்டு எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம்.

பர்மிங்காம் நகரத்தில் ஆஸ்டன். உலோகப் பட்டறைகள், சாராய ஆலை, சாஸ் ஆலை, ஒன்றோடொன்று ஒட்டிய வரிசை வீடுகள். இரண்டாம் உலகப்போரில் குண்டு விழுந்த பொட்டல்களில் விளையாடி வளர்ந்த தலைமுறை. பாடகர் ஓஸி ஆஸ்பர்னின் அப்பா இரவு ஷிப்டில் வேலை பார்த்த கருவி செய்யும் தொழிலாளி. அம்மா லூகாஸ் தொழிற்சாலையில். வீட்டில் 6 பிள்ளைகள். ஓஸி 15 வயதில் பள்ளிக்கூடத்தை விட்டார். அதே லூகாஸில் கார் ஹாரன்களை வரிசையாக ஊத வைத்து சுதி சரிபார்க்கிற வேலை கொஞ்ச காலம். அவருடைய முதல் ‘சங்கீதப் பயிற்சி’ அதுதான் என்று வைத்துக்கொள்ளலாம்! அப்புறம் மாடு அறுக்கிற கூடத்தில் வேலை. அப்புறம் திருட்டு வழக்கில் அபராதம் கட்ட வழியில்லாமல் வின்சன் கிரீன் சிறையில் சில வாரம்.

கிட்டார் வாசித்த டோனி அயோமி தகடு வளைக்கிற தொழிற்சாலையில் இருந்தார். 17 வயது. ஒரு இசைக்குழுவோடு ஜெர்மனி போவதற்காக வேலையை விடுகிற கடைசி நாள். மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தவர் இனி போகவேண்டாம் என்று உட்கார்ந்திருக்கிறார். எடுத்த வேலையை முடித்துவிட்டு வா என்று அம்மா திருப்பி அனுப்பினார். வழக்கமாக அழுத்து எந்திரத்தில் நிற்கிற பெண் அன்றைக்கு வரவில்லை. பழக்கமில்லாத எந்திரத்தில் டோனியை நிறுத்தினார்கள். வலது கையின் நடுவிரல், மோதிரவிரல் நுனிகள் இரண்டும் போயின. அவர் இடதுகைக்காரர், கிட்டாரின் கம்பிகளை அழுத்துவது வலது கை. முடிந்தது கதை என்று மருத்துவர்கள் சொன்னார்கள்.

அந்தத் தொழிற்சாலையின் மேற்பார்வையாளர் வீட்டுக்கு வந்து ஒரு இசைத்தட்டைக் கொடுத்துக் கேட்கச் சொன்னார். ஜாங்கோ ரெயின்ஹார்ட் வாசித்தது. ஜாங்கோ ரோமா இனத்தவர். ஐரோப்பா முழுக்க ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்ட, நாஜிகள் லட்சக்கணக்கில் கொன்றொழித்த சனம். அவர்கள் மொழியின் வேர் வட இந்திய மொழிகளில் இருக்கிறது என்று மொழியியலார் காட்டியிருக்கிறார்கள். 1928இல் அவருடைய வண்டிவீடு தீப்பிடித்து இடது கையில் இரண்டு விரல்கள் முடங்கிப்போயின. மிச்ச விரல்களால் அவர் ஐரோப்பிய ஜாஸின் பெரிய கலைஞரானார். அந்தத் தட்டைக் கேட்ட டோனி, பாத்திரம் கழுவும் திரவத்தின் பிளாஸ்டிக் குப்பியை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்தார். பழைய தோல் சட்டையிலிருந்து ஒரு துண்டை வெட்டி அதன்மேல் ஒட்டினார். கனத்த கம்பியை அழுத்தினால் வலி. மெல்லிய கம்பித் தொகுதி கடையில் கிடைக்காத காலம். பாஞ்சோவின் கம்பிகளை எடுத்துக் கட்டிக்கொண்டார்.

ஆக, ‘கட்டைபோன்ற வாசிப்பு’ என்று எழுதப்பட்ட அந்த வாசிப்பின் ஒரு பாதி தொழிற்சாலை விபத்து. சுரம் தெரியாத நுனியால் கம்பியைத் தொட்டுக்கொண்டிருந்த ஒருவர், ஓடி ஓடி வாசிப்பதைவிட இரண்டு மூன்று சுரத்தை ஊன்றி நிறுத்துவதில் பலம் கண்டார். மெல்லிய கம்பி ஒலியின் உடம்பைக் குறைக்கும் இல்லையா, அதற்கு ஈடாக கீசர் பட்லரின் பேஸ் கிட்டாரும் அதே மெட்டைக் கூடவே பிடித்துக்கொண்டு நடக்கிறது. காலை இழுக்கிற நடை என்று பேங்ஸ் கேட்டது இதைத்தான் என்பது என் வாசிப்பு. (கம்பிகளைத் தளர்த்தி சுதியைக் கீழே இறக்கியது மூன்றாவது தட்டில், 1971இல். முதல் தட்டிலேயே செய்ததாகப் பலர் சொல்கிறார்கள், தவறு.)

பதிவான கதையும் இதற்குப் பொருத்தம். 1969இன் பிற்பகுதியில் லண்டன் ரீஜென்ட் சவுண்ட் கூடத்தில், ராட்ஜர் பெயின் தயாரிப்பில், ஒரே நாளில் மொத்தமும் முடிந்தது. மேடையில் வாசிப்பதை அப்படியே வாசித்தார்கள். ஒரு முழு நாள் கிடைத்ததே தாராளம் என்று தோன்றியதாம். மறுநாள் 20 பவுண்டு கூலிக்கு வாசிக்க சுவிட்சர்லாந்து கிளம்பிவிட்டோம் என்று டோனி பின்னாளில் சொன்னார். இரண்டு வாத்தியமும் ‘சேரவில்லை’ என்பவர்கள் எத்தனை நாள் கொடுத்தார்கள் என்று கேட்டிருக்கலாம். தட்டு இங்கிலாந்தில் வெளியானது 1970 பிப்ரவரி 13, வெள்ளிக்கிழமை. அங்கே 8ஆம் இடம். அமெரிக்காவில் ஜூனில் வந்து 23ஆம் இடம் வரை ஏறி, ஒரு வருடத்துக்கு மேல் பட்டியலை விட்டு இறங்கவே இல்லை. மதிப்புரை படித்து வாங்கினவர்கள் இல்லை இவர்கள். வாங்கினது பையன்கள்.

சாத்தான் விவகாரத்துக்கு வருவோம். மழை, தூரத்தில் மணி, பிறகு மூன்றே சுரத்தில் ஒரு மெட்டு. இப்படித்தான் தட்டு ஆரம்பிக்கிறது. அந்த மெட்டில் இருக்கிற சுர இடைவெளியை மேற்கத்திய சாஸ்திரிய மரபு ‘பிசாசு’ என்றே பெயர் சூட்டி ஒதுக்கி வைத்திருந்தது. டோனிக்கு அந்தச் சாஸ்திரமெல்லாம் தெரியாது. குஸ்தாவ் ஹோல்ஸ்டின் ‘கோள்கள்’ வரிசையில் போர்க்கடவுள் செவ்வாய்க்கான இசையைக் கீசர் பேஸில் நோண்டிக்கொண்டிருந்தார், அதிலிருந்து கிளைத்தது இது. பாட்டில் வருகிறவன் சாத்தானைக் கும்பிடவில்லை, படுக்கையின் காலடியில் நிற்கும் கறுத்த உருவத்தைப் பார்த்து அலறுகிறான். பயந்தவனின் பாட்டு. அதைப் பூசையாக்கி விற்றது கம்பெனி. உறையின் உட்பக்கம் தலைகீழ்ச் சிலுவையை அச்சடித்தது கம்பெனி, குழுவுக்குத் தெரியாமலே. இதில் பேங்ஸின் எரிச்சல் நியாயமானது. விளம்பரத்தைத் திட்டுகிறேன் என்று பாட்டையும் சேர்த்துத் திட்டிவிட்டார், அதுதான் பிழை.

அமெரிக்கப் பதிப்பில் ஒரு மாற்றம் உண்டு. ‘ஈவில் வுமன்’ என்ற பாட்டை எடுத்துவிட்டு ‘விக்கெட் வேர்ல்ட்’ என்ற பாட்டைச் சேர்த்தார்கள். பிறரைப் போருக்கு அனுப்புகிற அரசியல்வாதிகள், தினம் கூலிக்கு ஓடுகிற ஒரு பெண், அப்பன் யாரென்று தெரியாமல் அழுகிற பிள்ளை. இதுதான் அந்தப் பாட்டு. வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்த நாட்டில், அமெரிக்க விமர்சகர்கள் கையில் இருந்த தட்டில் இந்தப் பாட்டு இருந்தது. பேய், பிசாசு, மாந்திரீகம் என்று பக்கம் நிரப்பியவர்கள் அந்தப் பெண்ணைத் தாண்டிப் போய்விட்டார்கள். வேலைக்குப் போகிற பெண் பேயைவிட மங்கலாகத் தெரிவாள் போல.

ஏன்? எதிர்க்கலாச்சாரம் என்பதற்கு அன்றைக்கு ஒரு முகம் கட்டமைக்கப்பட்டிருந்தது. சான் பிரான்சிஸ்கோ, தலையில் பூ, சமாதானம், மாணவர். ‘ரோலிங் ஸ்டோன்’ 1967இல் அந்த ஊரில்தான் பிறந்தது. ஆஸ்டனில் தலையில் வைக்கப் பூ எங்கே இருந்தது என்று ஓஸி பிற்காலத்தில் கேலி செய்திருக்கிறார். கலகம் என்றால் இப்படித்தான் இருக்கவேண்டும் என்று ஒரு வடிவம் நிலைபெற்றுவிட்டால், வேறு தெருவிலிருந்து வருகிற கோபம் கலகமாகத் தெரியாது; அசிங்கமாகத்தான் தெரியும். நயமில்லை, ஒரே கத்தல், சுருதி சேரவில்லை. இந்தச் சொற்கள் நமக்கொன்றும் புதிதில்லை.

ஆனால் இங்கேயும் ஒரு எச்சரிக்கை வேண்டும். வர்க்கம் வேறு, நிறம் வேறு, சாதி வேறு. ஒன்றைத் தூக்கி இன்னொன்றின் இடத்தில் வைக்கிற சோம்பேறித்தனம் எனக்கு ஒப்பாது. இந்த நால்வரும் வெள்ளைக்காரர்கள். அதே பர்மிங்காமில்தான் 1968 ஏப்ரல் 20 அன்று ஈனோக் பவல் குடியேறிகளுக்கு எதிராக ரத்த ஆறு பற்றிப் பேசினார். பக்கத்து ஸ்மெத்விக்கில் 1964 தேர்தல் அப்பட்டமான நிறவெறிப் பிரச்சாரத்தோடு நடந்தது. அதைப் பார்க்க 1965 பிப்ரவரியில் மால்கம் எக்ஸ் நேரில் வந்தார். அந்த வட்டாரத்தின் வார்ப்படச் சாலைகளில் வெந்துகொண்டிருந்தவர்களில் மேற்கிந்தியத் தீவினர் உண்டு, பஞ்சாபியர் உண்டு, அவர்களில் கடல் தாண்டியும் சாதி விடாத பஞ்சாபித் தலித்துகளும் உண்டு. 

இசையும் அப்படித்தான். பிளாக் சபாத் ஆரம்பத்தில் ஒரு ப்ளூஸ் குழு. ப்ளூஸ் யாருடையது? அடிமைகளின் பேரப்பிள்ளைகளுடையது. ‘பிசாசு இசை’ என்ற பட்டமும் முதலில் அதற்குத்தான் கிடைத்தது, கறுப்பர்களின் தேவாலயத்துக்குள்ளேயே. ராபர்ட் ஜான்சன் நாற்சந்தியில் பிசாசிடம் ஆன்மாவை விற்றார் என்ற கதை இன்றைக்கும் ஓடுகிறது. அந்த ஜான்சனின் பாட்டை வாசித்துப் புகழ்பெற்றதுதான் கிளாப்டனின் ‘கிரீம்’. வெள்ளையர் வாசித்த ப்ளூஸில் எது அசல் எது நகல் என்று அளக்க, இன்னொரு வெள்ளையர் குழுவே அளவுகோலானது. அளவுகோலான கிளாப்டன் 1976 ஆகஸ்டில் இதே பர்மிங்காம் மேடையில் குடிபோதையில் நின்று ஈனோக் பவலை ஆதரித்துப் பேசியது தனிக்கதை. அதற்கு எதிர்வினையாகத்தான் ‘நிறவெறிக்கு எதிரான ராக்’ என்ற இயக்கம் கிளம்பியது.

பேங்ஸைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்லவேண்டும். மனுஷன் திரும்பக் கேட்டார். 1972இல் ‘கிரீம்’ பத்திரிகையில் (குழுவின் பெயரும் தமிழில் இதேதான் வரும், ஆங்கிலத்தில் எழுத்து வேறு) பிளாக் சபாத் பற்றி இரண்டு பாகமாக நீண்ட கட்டுரை எழுதினார். இவர்கள் அறம் பேசுகிறவர்கள், பாப் டிலனைப் போல, வில்லியம் பரோஸைப் போல என்றார். இரண்டு வருடத்துக்கு முன் தான் எழுதியதற்கு எதிர்ப்பக்கம் போய் நின்றார். அப்படித் திரும்பி வருகிற விமர்சகர்கள் எத்தனை பேரை நமக்குத் தெரியும்? விரல்விட்டு எண்ணிவிடலாம்.

நிறுவனங்களுக்கு நேரம் பிடித்தது. ராக் அண்ட் ரோல் புகழ்மன்றத்தில் சேரும் தகுதி 1995இலேயே வந்தும் வருடாவருடம் தள்ளினார்கள். 1999இல் ஓஸி, எங்கள் பெயரையே பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள், இது ரசிகர்களின் வாக்கு இல்லை என்று எழுதினார். 2006இல் சேர்த்தார்கள். அதற்குள் ‘ரோலிங் ஸ்டோன்’ எப்போதைக்குமான 500 சிறந்த தட்டுகள் என்று 2003இல் போட்ட பட்டியலில் அந்த முதல் தட்டு 241ஆம் இடத்தில் இருந்தது. அதே பத்திரிகை! 2020இல் புதுப்பித்தபோது 355. ஏறினாலும் இறங்கினாலும் பட்டியல் அவர்களுடையது.

2025 ஜூலை 5 அன்று ஆஸ்டனிலேயே, வில்லா பார்க் கால்பந்து மைதானத்தில், நால்வரும் கடைசியாக ஒன்றாக மேடையேறினார்கள். நால்வரும் சேர்ந்து வாசித்து 20 வருடம் ஆகியிருந்தது. சின்னப் பையனாக இருந்தபோது அதே மைதானத்தின் வெளியே, ஆட்டம் பார்க்க வந்தவர்களின் கார்களுக்குக் காவல் நின்று காசு வாங்கியவர் ஓஸி. இப்போது பார்க்கின்சன் நோயில் நிற்க முடியாமல் சிம்மாசனம் போன்ற நாற்காலியில் உட்கார்ந்து பாடினார். மொத்தம் நாலு பாட்டு. இரண்டாவதாகப் பாடிய ‘என்.ஐ.பி.’, அந்த ஒருநாள் பதிவில் இருந்தது. ஜூலை 22 அன்று இறந்தார்.