உலையும் எலக்ட்ரான் கற்றையும்: நுண்சாதன உருவாக்கம் பல்கலைக்கழகப் பாடமான வரலாறு

1957-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் இளம் ஆசிரியர் ஜேம்ஸ் கிப்பன்ஸ், வில்லியம் ஷாக்லியின் குறைகடத்தி ஆய்வகத்தில் பாதி நேரம் வேலை பார்க்க அனுப்பப்பட்டார். சிலிக்கன் சாதனம் செய்யும் தொழிலைக் கற்றுவந்து, அந்த வசதியைப் பல்கலைக்கழகத்தில் நிறுவுவது அவருக்கு இடப்பட்ட பணி. மறு ஆண்டே ஸ்டான்ஃபோர்டில் முதல் சிலிக்கன் சாதனம் உருவானது. செய்முறை அறிவு ஓர் ஆளின் கைப்பழக்கமாகத்தான் தொழிற்கூடத்திலிருந்து கல்விக்கூடத்துக்கு வந்து சேர்ந்தது.

பெர்க்லியில் டொனால்டு பெடர்சன் இதை மாணவர்களுக்குரியதாக்கினார். ஒருங்கிணைந்த சுற்றை வடிவமைக்கக் கற்பவர் அதைச் செய்தும் பார்க்க வேண்டும் என்பது அவர் கொள்கை. தாமஸ் எவர்ஹார்ட், பால் மார்ட்டன் ஆகியோருடன் சேர்ந்து அவர் அமைத்த ஆய்வகம் 1962-இல் இயங்கத் தொடங்கியது. பல்கலைக்கழகம் ஒன்றில் இத்தகைய சுற்றுகளைத் தயாரித்த முதல் கூடமாக அது கருதப்படுகிறது.

அக்காலச் சாதனங்களின் நீள அகலங்கள் மைக்ரோமீட்டர் கணக்கில் இருந்தன. ஆனால் ஆக்சைடுப் படலத்தின் தடிமன் அப்போதே நானோமீட்டர் கணக்கில்தான் அளக்கப்பட வேண்டியிருந்தது. நானோ அளவு மாணவர் கைக்கு முதலில் செங்குத்துத் திசையில் வந்தது என்பது என் வாதம். சுமார் 1,000 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள உலையில் வேஃபர் எனும் சிலிக்கன் தகட்டை வைத்து ஆக்சைடு வளர்க்கும் மாணவர், புரூஸ் டீலும் ஆண்ட்ரூ குரோவும் 1965-இல் வெளியிட்ட சமன்பாட்டைக்கொண்டு தடிமனை முன்கூட்டியே கணிக்கிறார். வெளியே எடுத்ததும் நிறமே பதில் சொல்லிவிடுகிறது: ஏறத்தாழ 50 நானோமீட்டருக்கு வெளிர்பழுப்பு, 100-க்குச் செவ்வூதா, 150-க்கு வெளிர்நீலம். ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தில் ஆக்சைடு முழுவதும் கரைந்ததா என்பதையும் கண்ணே அறியும். வெறும் சிலிக்கன் மீது நீர் ஒட்டாமல் உருண்டோடிவிடும். கணக்கும் கண்ணும் ஒரே மேசையில் சந்திக்கும் இந்த இடத்துக்கு நிகரான பாடம் மின்னணுவியலில் அரிது.

இதற்கு மாறான பாதையும் திறந்தது. 1978-இன் இறுதிப் பருவத்தில் எம்ஐடியில் லின் கான்வே நடத்திய வகுப்பில் மாணவர்கள் வடிவமைப்பை மட்டும் செய்தார்கள். சில்லுகள் ஹியூலெட்-பேக்கர்ட் ஆய்வகத்தில் தயாராயின. அடுத்த ஆண்டு 12 நிறுவனங்களைச் சேர்ந்த 124 பேரின் 82 வடிவமைப்புகள் ஒரே தொகுப்பில் அச்சேறின. 1981-இல் மோசிஸ் சேவை இதை நிலையான ஏற்பாடாக்கியது. சில்லு வடிவமைப்பு எண்ணற்றோருக்கு எட்டியது பெரும் பேறு. ஆனால் உலையருகே நிற்கும் பயிற்சி அவர்களுக்குக் கிட்டவில்லை.

அந்தப் பயிற்சியைக் காத்தவை பகிர்வுக் கூடங்கள். அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளை 1977-இல் கார்னெலில் நுண்கட்டமைப்புகளுக்கான தேசிய மையத்தை நிறுவியது. வெளியிலிருந்து வரும் ஆய்வாளரும் அங்கே தாமே கருவியை இயக்கலாம். இந்தியாவில் 2006-இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்திலும் மும்பை ஐஐடியிலும் தொடங்கிய நானோமின்னணுவியல் மையங்கள், பின்னர் பிற கல்லூரியினருக்கும் இவ்வழியைத் திறந்தன.

இக்கூடங்களின் மையக் கருவி எலக்ட்ரான் கற்றை. 1968-இல் ஐபிஎம்மின் ஹாலர், ஹட்சாகிஸ், சீனிவாசன் ஆகியோர் அறிமுகப்படுத்திய, கற்றை பட்ட இடம் பின்னர் கரைசலில் கரைந்து பள்ளமாகும் பிஎம்எம்ஏ பூச்சு இன்றும் மாணவர் முதலில் கையாளும் பொருள். ஒரே கோட்டுருவைப் படிப்படியாகக் கூடும் டோஸில், அதாவது பரப்பில் விழும் எலக்ட்ரான் அளவில், பலமுறை வரைந்து பார்ப்பது முதற்பயிற்சி. டோஸ் குறைந்தால் பள்ளத்தின் அடியில் பூச்சு எஞ்சும். அதன்மேல் படிந்த உலோகம் பூச்சைக் கரைக்கும்போது உரிந்துபோகும். கூடினால் கோடு தடிக்கும். சிலிக்கனில் மோதித் திரும்பும் எலக்ட்ரான்கள் அக்கம்பக்கக் கோடுகளையும் பாதிக்கும் என்பதால், நெருக்கமான கோடுகளுக்குத் தனிக் கணக்கு வேண்டும். கற்றை புள்ளி புள்ளியாக வரைவதால் நேரம் மிகுதியாகச் செல்லும். ஒரு வகுப்பு முழுவதும் ஒரு கருவியைப் பகிர்வது கடினம். எனவே பல பல்கலைக்கழகங்களின் இளநிலைப் பாடங்கள் இன்றும் ஒளி லித்தோகிராபியால் சில மைக்ரோமீட்டர் டிரான்சிஸ்டரையே செய்விக்கின்றன. இதைப் பின்தங்கலாகக் கருதக் கூடாது. கழுவுவதிலிருந்து மின்னளவீடு வரை ஒரே வேஃபரைத் தம் கையால் கொண்டுசெல்பவருக்குத்தான், கசியும் மின்னோட்டத்தைக் கண்டதும் எந்தப் படியைச் சந்தேகிக்க வேண்டும் என்பது தெரியும்.