வியன்னாவில் ஒலித்த நகரா

ஸ்ரீவில்லிபுத்தூரில் மடவார் வளாகம் என்றால் வைத்தியநாத சுவாமி கோயில்தான் நினைவுக்கு வரும். மதுரையை ஆண்ட திருமலை நாயக்கர், ஸ்ரீவில்லிபுத்தூரில் பூசை முடிந்த செய்தி வந்த பின்னரே உணவு கொள்வார் என்றும், அதற்காக வழிநெடுக மண்டபங்கள் அமைத்து நகரா முழங்கச் செய்தார் என்றும் அவ்வட்டாரத்தார் கூறுவர்.

கதை ஒருபுறம் இருக்க, ‘நகரா’ என்னும் சொல்லை நோக்குவோம். தட்டுதல் என்னும் பொருளுடைய அரபு வினையடியிற் பிறந்த சொல் அது. நாகூர் தர்காவில் முழங்குவதும் அதுவே. இச்சொல் தமிழகம் வந்தது போலவே ஐரோப்பாவுக்கும் சென்றது. அங்கே அம்முரசின் ஒலி பியானோ இசைக்குள்ளும் புகுந்த வரலாறு அறியத்தக்கது.

உதுமானியப் படையில் ‘மெஹ்தர்’ என்னும் வாத்தியக் குழு இருந்தது. நகரா, பெருமுரசு, ஸுர்னா என்னும் குழல், எக்காளம், கைத்தாளம் ஆகியவை அதில் ஒருங்கே முழங்கும். 1683இல் வியன்னா முற்றுகையிடப்பட்டபோது அந்நகரத்தார்க்கு அது அச்சத்தின் குரல். முற்றுகை தோற்றது, அச்சம் தணிந்தது, ஆர்வம் பிறந்தது. அடுத்த நூற்றாண்டில் ஐரோப்பிய மன்னர்கள் தம் படைகளிலேயே அத்தகைய குழுக்களை வைத்துக்கொண்டனர்.

முற்றுகைக்கு ஏறத்தாழ 100 ஆண்டுகளுக்குப் பின்னர் மோசார்ட் இயற்றிய பியானோ சொனாட்டா ஒன்று, 1784இல் அதே வியன்னாவில் அச்சேறியது. சொனாட்டா என்பது தனித்தனிப் பகுதிகள் சிலவற்றால் அமைந்த வாத்திய இசைப் படைப்பு. இதன் மூன்றாம் பகுதி ‘துருக்கிய முறையில்’ என்னும் குறிப்பைத் தலைப்பில் தாங்கியது.

அப்பகுதியில் அடிப்படையாக உள்ளவை மூன்று மெட்டுகளே. முதலாவது, மென்மையாகச் சுழன்றெழுவது. இரண்டாவது, ஓங்கி முழங்கும் அணிவகுப்பு. மூன்றாவது, இடையறாது ஓடும் விரைவு நடை. ஒன்று, இரண்டு, மூன்று, இரண்டு, ஒன்று என அடுக்கி, மீண்டும் இரண்டாவதைக் கொணர்ந்து, முத்தாய்ப்பு ஒன்றுடன் முடிக்கிறார். கீர்த்தனையில் பல்லவி திரும்பி வருவது போல அணிவகுப்பு மும்முறை வருகிறது. முதல் மெட்டிலிருந்து அதற்குள் நுழைகையில் ஆதார சுரம் மாறுவதில்லை. காந்தாரம் உயர்கிறது, ஏக்கம் மலர்ச்சியாகிறது. அப்போது இடக்கை, சுரங்களை ஒருசேர அழுத்தாமல் நொடிப்பொழுதில் அடுத்தடுத்து உதறித் தட்டுகிறது. முரசில்லாத கருவியில் முரசு கேட்கிறது!

இதைக் கேட்டு, “எல்லாம் நம்முடையதே” என மார்தட்டுவோர் உண்டு. அது நேர்மையன்று. மெட்டு மோசார்ட்டினுடையது, துருக்கியரிடம் பெற்றதென்பதற்குச் சான்றில்லை. வியன்னா தன் செவியிற் கற்பித்துக்கொண்ட துருக்கியே அதில் ஒலிக்கிறது. எனினும் நமக்கு அதில் தொடர்பே இல்லை என்பதும் நீதியன்று. முரசின் துடிப்பை எடுத்துவிட்டால் அப்பகுதி உயிரிழந்துவிடும்.

இதில் இன்னொரு பாடமும் உண்டு. 1826இல் சுல்தான் இரண்டாம் மஹ்மூது ஜானிசாரிப் படையைக் கலைத்தபோது மெஹ்தரும் மறைந்தது. 1828இல் இத்தாலியரான கியுசெப்பே தொனிசெத்தி வந்து அரண்மனை இசைக்குழுவுக்குத் தலைமை ஏற்றார். ஐரோப்பா விரும்பி ஏற்ற ஒலியை உரியவர்களே கைவிட்டார்கள். பின்னாளில்தான் அதை மீட்டார்கள்.

மடவார் வளாகத்துக் கதையில், ஒரு மண்டபத்தார் கேட்டதைத் தம் கையால் முழக்கியதால்தான் அடுத்த மண்டபம் கேட்டது. கலைகளின் வரலாறும் அத்தகையதே. ‘யாருடையது?’ என வினவுமுன், ‘யார் யார் கைவழி வந்தது?’ என்று நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்போம்.