ஒரு சாவு, நாலு கேள்வி: தற்கொலையை ஆய்வாளர்கள் எப்படிப் பார்த்தாங்க?

இன்னைக்கு எபிசோட் கொஞ்சம் கனமானது. கேக்க முடியலைன்னா பாதியில நிறுத்திடுங்க, தப்பில்ல.

சர்வர் விழுந்தா ஒவ்வொரு டீமும் ஒரு லாக்கைத் திறக்கும் இல்லையா? தற்கொலை ஆய்வோட வரலாறும் அப்படித்தான்.

1897-ல் பிரெஞ்சு சமூகவியலாளர் எமில் துர்கைம் தனிமனிதரோட மனசுக்குள்ள போகல. ஒரு சமூகத்தில் தற்கொலை விகிதம் வருஷா வருஷம் ஏன் பெரிசா மாறாம இருக்குன்னு கேட்டார். குடும்பம், மதம் மாதிரியான பிணைப்புகளில் பதில் தேடினார்.

மனநல மருத்துவர்களோட கேள்வி வேற. இவருக்கு மனச்சோர்வு இருந்ததா? பேச ஆள் இருந்ததா? 1986-ல் சென்னையில் டாக்டர் லட்சுமி விஜயகுமார் ‘சிநேகா’வைத் தொடங்கினார். அங்கே முதல் வேலை, காது கொடுத்துக் கேக்குறது.

மூணாவது கேள்வி: நம்ம கணக்கே சரியா? கேஸ் ஆகும், ஊர் பேசும்னு வீட்டில் மறைப்பாங்க. வேலூர் சி.எம்.சி. குழு, கணியம்பாடி ஒன்றியத்தில் ஒவ்வொரு இறப்பையும் வீட்டாரிடம் விசாரிச்சுப் பதிவு செய்தது. 1992 முதல் 2001 வரையிலான அந்தக் கணக்கு, 2004-ல் லான்செட் இதழில் வந்தது. 10 முதல் 19 வயதுப் பெண்களில் ஆண்டுக்கு லட்சத்துக்கு 148 பேர், ஆண்களில் 58 பேர் தற்கொலையால் இறந்திருந்தாங்க.

நாலாவது, பொது சுகாதாரம்: அந்த நேரத்தில் கைக்கு எட்டுற தூரத்தில் என்ன இருந்தது? இலங்கையில் 1995-ல் விகிதம் லட்சத்துக்கு 47. கொடிய பூச்சிமருந்துகளுக்குத் தடை வந்த பிறகு, 2005-க்குள் அது கிட்டத்தட்ட பாதியாச்சு. அதே காலத்தில் போரும் நடந்துட்டுதான் இருந்தது.

இது வேப்பந்தட்டைக்காரங்களுக்குத் தூரத்துக் கதை இல்ல. பருத்தி ஆராய்ச்சி நிலையமே இருக்கிற ஊர் இது. பருத்தின்னா மருந்தடிப்பும் கூடவே வரும், மிச்சம் வீட்டு மூலையில் இருக்கும். கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் பக்கம், சில கிராமங்களில் மருந்தை வீட்டுக்கு வெளியே பொது லாக்கரில் வெச்சுப் பார்த்தாங்க. அந்தக் கிராமங்களில் மருந்தால் நடக்குற தற்கொலைகள் குறைஞ்சதா 2013-ல் வெளியான ஆய்வு சொல்லுது. ஏன்னா பலருக்கு அந்த வேகம் கொஞ்ச நேரத்தில் தணிஞ்சுடும்.

அதுக்காக லாக்கர் மட்டும் போதுமா? கடனும், வீட்டுச் சண்டையும், தனிமையும் அப்படியேதானே இருக்கும்? அங்கேதான் மத்த மூணு கேள்வியும் வேணும். 2017 மனநலச் சட்டமும், முயற்சி செய்தவரைத் தண்டிக்காம, கடும் மன அழுத்தத்தில் இருந்தவரா பாக்கச் சொல்லுது.

உங்களுக்கோ தெரிஞ்சவங்களுக்கோ பாரமா இருந்தா 14416 இல்ல 104-க்குக் கூப்பிடுங்க. அடுத்த எபிசோடில் பேசலாம்.