தொழுவமும் பட்டமும்

ஊவாத் தேயிலைத் தோட்டங்களில் லயத்தின் அருகே மாட்டுப்பட்டி அமைத்துப் பசு வளர்ப்பது நெடுநாள் வழக்கம். பெரட்டுக்குப் போகுமுன் பால் கறப்பதும், மாலையில் புல்லறுத்து வருவதும், மடிநோயைக் கைபட்டே அறிவதும் அங்குள்ளோர் பயின்ற வித்தை. 

1947ஆம் ஆண்டில் கொழும்பில் இலங்கைப் பல்கலைக்கழகம் கால்நடை மருத்துவக் கல்வியைத் தொடங்கிற்று. மறு ஆண்டே குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழருட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. தோட்டப் பாடசாலைகளோ பெரும்பாலும் தொடக்க வகுப்புகளோடு நின்றன. பிள்ளைக்கு வழி ஏது?

2005ஆம் ஆண்டில் பதுளையில் ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் அமைந்தது. விலங்கு விஞ்ஞானம் பட்டப்படிப்பாயிற்று. பண்ணையிலும் ஆலையிலும் பெறும் தொழிற்பயிற்சி அப்படிப்பின் அங்கம். பயிற்றுமொழி ஆங்கிலமாதலால், லயத்திலிருந்து செல்லும் பிள்ளைக்கு முதல் இடர் அங்கேதான். பசுவைக் கையாள்வதில் அன்று.