தறப்பாள் எண்ணும் வேலை

எங்கள் பக்கத்தில் புவியியல் படித்தவருக்கு நெடுங்காலம் இரண்டு வாசல்தான்: பள்ளிக்கூடம், இல்லையென்றால் கச்சேரி. க. குணராசா இரண்டாவது வாசலால் போனவர். புவியியல் பாடநூல்களும் எழுதினார். செங்கை ஆழியான் என்ற பெயரில் வன்னியை வைத்து ‘காட்டாறு’ நாவலும் எழுதினார்.

மூன்றாவது வாசல் திறந்தது வேறெங்கோ. 1999 செப்டெம்பரில் இக்கோனோஸ் செய்மதி மேலே போனது. ஒரு மீற்றர் நுணுக்கமுள்ள படத்தைக் காசிருந்தால் எவரும் வாங்கலாம் என்றாயிற்று. அதுவரை அப்படிப்பட்ட படம் படைகளின் சொத்து. 2006இல் அமெரிக்க விஞ்ஞான முன்னேற்றச் சங்கம் ஹராரேக்கு வெளியே போர்ட்டா ஃபார்ம் குடியிருப்பு இடிக்கப்பட்டதைச் செய்மதிப் படத்தால் காட்டியது. வரைபடம் படிக்கத் தெரிந்தவருக்குச் சாட்சி சொல்லும் வேலை அப்படித்தான் கிடைத்தது.

2009இல், போர் முடியும் தறுவாயில், அந்த வேலை முள்ளிவாய்க்காலுக்கு வந்தது. சுயாதீனச் செய்தியாளர் யாரையும் உள்ளே விடவில்லை. பார்ப்பதற்கு வானம் மட்டுமே மிச்சம். ஏப்ரலில் ஐ.நா.வின் செய்மதிப் படப் பிரிவான யூனோசாட் ‘பாதுகாப்பு வலயம்’ என்று சொல்லப்பட்ட இடத்துக்குள் குண்டுக் குழிகளைக் குறித்தது; அந்த அறிக்கை வெளியே கசிந்தது. மே மாதத்தில் அமெரிக்கச் சங்கம் 6ஆம், 10ஆம் திகதிப் படங்களைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டது. 2011இல் ஐ.நா. நிபுணர் குழுவின் அறிக்கையிலும் செய்மதிப் படங்கள் சேர்ந்தன.

அரை மீற்றர் நுணுக்கமுள்ள படத்தில், சனம் தங்கிய நாலுக்கு ஐந்து மீற்றர் தறப்பாள் கூடாரம் எண்பது படப்புள்ளி. மனிதர் ஒரு புள்ளி தேறினால் பெரிது. நாலு நாள் கழித்து அந்த எண்பதும் இல்லையென்றால் எரிந்ததா, பிடுங்கப்பட்டதா? கரி படிந்திருக்கிறதா, அருகே குழி விழுந்திருக்கிறதா என்று தேட வேண்டும். ஆனால் அங்கிருந்தவருக்குத் தெரியும்: இடம்பெயரும்போது சனம் முதலில் சுருட்டியது தறப்பாளைத்தான். சேலையைக் கிழித்துத் தைத்த மண்மூட்டை அடுக்கிய பங்கருக்குள் எத்தனை பேர் என்பதும் படத்தில் இல்லை. யார் சுட்டது என்பதை அது தனியே சொல்லவும் மாட்டாது. இந்த இடத்தில்தான், என் கணக்கில், ஊர் தெரிந்த புவியியலாளரின் பெறுமதி ஏறுகிறது. ஜெனீவாவில் இருந்து படம் பார்ப்பவருக்கு மென்பொருள் தெரியும், தறப்பாள் தெரியாது.

பிறகு இந்தத் தொழில் நிலைத்துவிட்டது. திம்புக்டு சமாதிகளை இடித்த வழக்கில், 2016இல், சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்திலும் செய்மதிப் படங்கள் பேசின.

வன்னிப் பிள்ளைகளுக்கு இதில் இன்னொரு வேலை காத்திருக்கிறது. சண்டைக் காலத்தில் விட்டுப்போன வயலில் காடு ஏற, திரும்பி வந்தவரிடம் அது வனத் திணைக்களத்தின் காணி என்கிறார்கள். எண்பதுகளின் லான்ட்சாட் படங்கள் இன்று இலவசம், கியூஜிஐஎஸ் வரைபட மென்பொருளும் இலவசம். ஒரு ஏக்கர் அந்தப் படத்தில் நாலரைப் புள்ளிதான். வரம்புச் சண்டை அதில் தீராது. அன்றைக்கு அங்கே நின்றது காடா, நெல்லா என்று கேட்டால், படம் தெளிவாக இருக்கும்வரை, அதற்குப் பதில் எடுக்கலாம்.