நல்ல சேதியை யார்கிட்ட சொல்றது?

போன வாரம் ஓபி முடியுற நேரம். ஒரு புது ஜோடி உள்ளே வந்தாங்க. ஒரு கையில மஞ்சப்பை, இன்னொரு கையில ஸ்வீட் பாக்ஸ்.

"சார், என்னைத் தெரியுதா?"

தெரியல. பேன்ட்டைக் கொஞ்சம் தூக்கிக் கணுக்காலைக் காட்டினார். அந்தத் தழும்பைப் பார்த்ததும் தெரிஞ்சுருச்சு.

போன மழைக்காலம். ராத்திரி ஒன்பதரைக்குத் தூக்கிட்டு வந்தாங்க. கண்ணாடி விரியன் கடி. ரத்தத்தைக் கண்ணாடி டியூப்ல எடுத்து 20 நிமிஷம் அசைக்காம வெச்சுப் பார்ப்போம். உறையணும். அவர் ரத்தம் தண்ணி மாதிரி ஓடுச்சு. விஷமுறிவு மருந்து 10 குப்பி ஏத்தினோம். ஆறு மணி நேரம் கழிச்சுப் பார்த்தா அப்பவும் உறையல. மறுபடி ஏத்தினோம். அடுத்த தடவை டியூப்பைச் சாய்ச்சப்போ ரத்தம் அசையாம நின்னுச்சு. நானும் ட்யூட்டி சிஸ்டரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சிரிச்சுக்கிட்டோம்.

மஞ்சப்பையில என்னன்னு கேட்டேன். காய்ஞ்சு போன மாலை.

வெளியூர்க்காரங்களுக்காகச் சொல்றேன். திருவிடந்தை நித்யகல்யாணப் பெருமாள் கோயில்ல கல்யாணம் ஆகாதவங்க மாலை வாங்கி, பூஜை பண்ணி, கழுத்துல போட்டுப் பிராகாரம் சுத்துவாங்க. அந்த மாலையை வீட்டுல பத்திரமா வெச்சிருந்து, கல்யாணம் ஆனதும் ஜோடியா வந்து கோயில்ல திருப்பிச் சேர்க்கணும். இந்த வழக்கத்துல எனக்குப் பிடிச்சதே இந்த ரெண்டாவது பாதிதான். கேட்கிறதுக்கு எல்லாரும் வருவாங்க. கிடைச்சதைத் திரும்ப வந்து சொல்றதையும் வழக்கமாவே வெச்சிருக்காங்க பாருங்க.

இப்போ என் கதைக்கு வர்றேன். அன்னிக்கு எங்க பேட்ச் வாட்ஸ்அப் குரூப்புல "விரியன் கடி, பிழைச்சுட்டான்"னு டைப் பண்ணினேன். அனுப்பல. அதுக்கு மேலேயே ஒருத்தனுக்கு டிஎம் சீட் கிடைச்ச சேதி, அதுக்கு நூறு கைத்தட்டல். முப்பதைத் தாண்டியும் வெறும் எம்பிபிஎஸ் நான். இதெல்லாம் ஒரு சேதியான்னு அழிச்சுட்டேன். அப்புறம் மனசு கேட்காம ஒரு சீனியருக்கு மட்டும் அனுப்பினேன். அஞ்சே நிமிஷத்துல போன் அடிச்சார். "வாழ்த்துக்கள்"னு சொல்லல. "டேய், முதல் டோஸ் எத்தனை மணிக்குப் போட்ட? யூரின் எவ்வளவு போனான்?"னு கேட்டார். அரை மணி நேரம் பேசினோம். அன்னிக்கு நைட் ட்யூட்டி களைப்பே எனக்குத் தெரியல.

இதே மாதிரி ஒரு நட்பு, 125 வருஷத்துக்கு முன்னாடி, உலகத்தையே மாத்துச்சு. சொல்றேன், கேளுங்க.

ரொனால்ட் ராஸ். 1857-ல் அல்மோராவில் பிறந்தவர். லண்டனில் மருத்துவம் படித்தார். படிப்பில் சுமார்தான். ஒரு தேர்வில் தோற்று, கொஞ்ச காலம் கப்பல் டாக்டராக வேலை பார்த்தார். 1881-ல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து நம்ம மெட்ராஸ் மாகாணத்துக்கு வந்தார். கவிதை, கதை, கணக்கு என்று பல பக்கம் மனசு. பெரிய ஆராய்ச்சியாளர் ஆவார் என்று யாரும் நினைக்கவில்லை.

1894-ல் விடுப்பில் லண்டன் போனபோது பேட்ரிக் மேன்சனைச் சந்தித்தார். யானைக்கால் நோய்க் கிருமி கொசுவின் உடம்புக்குள் வளர்வதை 1877-ல் சீனாவில் கண்டுபிடித்தவர் மேன்சன். மலேரியா கிருமியை ராஸுக்கு மைக்ராஸ்கோப்பில் காட்டியவரும் அவர்தான். "இதுவும் கொசு வழியாத்தான் போகணும், நீ இந்தியாவுல தேடு" என்பது மேன்சனின் யோசனை.

1895-ல் ராஸ் செகந்திராபாத் வந்தார். அன்றிலிருந்து இருவருக்கும் நடுவில் போன கடிதங்கள் நூற்றுக்கும் அதிகம். இன்னிக்கு எத்தனை கொசு அறுத்தேன், என்ன தெரிஞ்சது, என்ன தெரியல என்று சின்னச் சின்ன வெற்றி, பெரிய பெரிய தோல்வி எல்லாவற்றையும் எழுதினார். லண்டனிலிருந்து பதில் வரும். இதில் ஒரு வேடிக்கை, மேன்சன் சொன்ன வழி பாதி தப்பு. கொசு செத்து விழுந்த தண்ணியைக் குடிப்பதால்தான் மலேரியா வருகிறது என்று நம்பினார். அதையும் ராஸ் சோதித்துப் பார்த்தார். நண்பரின் கொள்கை தப்பாக இருந்தாலும், விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தாரே, அது தப்பாகவில்லை.

1897 ஆகஸ்ட். கொசு பறந்துவிடும் என்று பங்கா போடாமல், வியர்வையில் மைக்ராஸ்கோப் திருகாணி துருப்பிடிக்க உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஹுசேன் கான் என்ற மலேரியா நோயாளி, கடிக்கிற கொசுவுக்கு ஒரு அணா என்ற கூலிக்குத் தன் உடம்பைக் கொடுத்தார். ஆகஸ்ட் 20 அன்று, அவரைக் கடித்த ஒரு கொசுவின் வயிற்றுச் சுவரில் அந்தக் கருநிறமிச் செல்களை ராஸ் கண்டார். உலகக் கொசு தினம் இந்தத் தேதிதான்.

அடுத்த மாசமே மலேரியாவே அதிகம் இல்லாத ராஜபுதனத்துக்கு மாற்றல்! அரசு வேலையில இருக்கிறவங்களுக்கு இது புரியும். லண்டனில் மேன்சன் பல பேரிடம் பேசி, 1898-ல் கல்கத்தாவில் ஆராய்ச்சிக்கென்று பணி வாங்கிக் கொடுத்தார். அந்த ஜூலையில், பறவை மலேரியாக் கிருமி கொசுவின் எச்சில் சுரப்பிக்கு வந்து சேர்வதை ராஸ் பார்த்தார். அப்படியானால் நோய் பரவுவது கடியால்தான். சேதி மேன்சனுக்குப் போனது. அதே மாசம் எடின்பரோவில் நடந்த பிரிட்டிஷ் மருத்துவச் சங்கக் கூட்டத்தில் மேன்சன் அதை அறிவித்தார். நண்பனின் வெற்றியை நண்பன் மேடையேறிச் சொன்ன நாள் அது.

இதோடு முடிந்திருந்தால் நல்ல கதை. 1902-ல் நோபல் பரிசு ராஸுக்கு மட்டும் கிடைத்தது. மனித மலேரியாவை அனாஃபிலிஸ் கொசுவோடு நிரூபித்த இத்தாலியின் கிராஸிக்கும் இவருக்கும் "யார் முதல்ல" என்று பெரிய சண்டை. நாளாக ஆக மேன்சனோடும் கசப்பு. 1912-ல் மேன்சன் எழுதிய ஒரு கடிதத்தை வைத்து அவதூறு வழக்கு வரை போனார். எந்த மனுஷனுக்கு ஓடி ஓடிச் சேதி சொன்னாரோ, அவர் மேலேயே!

எனக்கு இதுல தோணுறது இதுதான். சேதி சொல்ற வரைக்கும் அந்த வெற்றி ரெண்டு பேருக்கும் சொந்தமா இருந்துச்சு. "இது என்னோடது"ன்னு வேலி போட்டதும், பரிசு வீட்டுல இருந்துச்சு, சேதி சொல்ல ஆள் இல்லாம போச்சு. ஹுசேன் கானுக்குக் கிடைச்சது அணாக்கள்தான்.

இதை யோசிச்சுக்கிட்டே ஸ்வீட் பாக்ஸைப் பார்த்தேன். இதுல நான் நன்றி சொல்லாத ஆள் யாரு? திருவிடந்தையிலிருந்து ஈசிஆர்ல தெற்கே சில கிலோமீட்டர் போனா வடநெம்மேலி. அங்க 1978-ல் தொடங்கின இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கு. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலையும் பிடிச்சு, விஷம் எடுத்துட்டு, காட்டுலேயே விட்டுடுவாங்க. நம்ம நாட்டு விஷமுறிவு மருந்துக்கான விஷத்துல பெரும்பகுதி இவங்க கை வழியாத்தான் போகுது. 2023-ல் இந்த மாவட்டத்து இருளர்கள் வடிவேல் கோபால், மாசி சடையன் ரெண்டு பேருக்கும் பத்மஸ்ரீ கிடைச்சுது. இத்தனை வருஷமா அந்த வழியில போறேன், வர்றேன். ஒரு நாள் இறங்கிச் சொன்னதில்ல.

ஞாயித்துக்கிழமை பாதி ஸ்வீட்டை எடுத்துக்கிட்டுப் போனேன். அங்க இருந்த ஒரு பெரியவர்கிட்ட, "ஐயா, உங்க மருந்துல ஒரு பையன் பிழைச்சு, கல்யாணமும் ஆயிடுச்சு"ன்னேன்.

ஸ்வீட்டை வாங்கிக்கிட்டே, "எந்தப் பாம்பு சார்? கால்லயா, கையிலயா? எந்நேரம் கடிச்சுது?"ன்னு கேட்டார்.

எங்க சீனியர் ஞாபகம் வந்துச்சு.

ஆஸ்பத்திரியிலிருந்து குணமாகிப் போனவங்க நீங்களா இருந்தா, ஒரு நாள் வந்து சொல்லிட்டுப் போங்க. ஸ்வீட் வேண்டாம், சேதி போதும். டாக்டர்கிட்ட மட்டும் இல்ல, ராத்திரி கண்முழிச்ச சிஸ்டர்கிட்டயும், 108 டிரைவர்கிட்டயும்.

பாம்பு கடிச்சா கயிறு கட்டாதீங்க, கீறாதீங்க, உறிஞ்சாதீங்க. கடிபட்ட இடத்தை அசைக்காம உடனே அரசு மருத்துவமனைக்கு வாங்க.